பொன் பாலமும் மண் சடக்கும்

பெம்பானில் வாழும் நமக்கு லேடாங் மலை புதியதன்று. இரவெல்லாம் மழை பெய்து வெளுத்த காலை வேளைகளில், பெரட்டு முடிந்து ஆட்கள் வெளிக்காட்டுக்குப் பிரிந்து செல்லும் நேரத்தில், கீழ்த்திசையில் செம்பனை மட்டைகளுக்கு மேலே அது நீலமாக நிற்கும். சிறிது பொழுதில் முகில் வந்து மூடிவிடும். நடை பழகும் குழந்தையும் அதை விரல் நீட்டிக் காட்டும். ஆனால், "அங்கே போனதுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலேயே தலை நரைத்தவர்களுட் பெரும்பாலோர், "அங்கே நமக்கென்ன வேலை?" என்று நம்மையே திருப்பிக் கேட்பர்.

அங்கே நமக்கென்ன வேலை? சென்ற விடுமுறையில் ஒரு நாள் மோட்டாரில் அம்மலையடிவாரத்தைச் சுற்றி வந்த பின்னர், இக்கேள்விக்கு விடை எழுதாமல் இருக்க நம்மால் இயலவில்லை. நேயர்கள் இதனை ஓர் உல்லாசப் பிரயாணக் கதையென்று எண்ணித் தொடங்கினாலும் குற்றமில்லை. முடிக்கும்போது அப்படி எண்ணமாட்டார்கள் என்று நம்புகின்றோம்.

இயற்கையின் அற்புதங்களைச் சட்டமிட்டுக் காப்பதும், ஜனங்கள் வண்டியேறிச் சென்று அவற்றைக் கண்டு களிக்க வழி செய்வதும் மிகப் பழைய வழக்கங்களல்ல. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்னும் வெந்நீரூற்று நிலம் 1872-ஆம் ஆண்டிலேதான் தேசியப் பூங்காவாயிற்று. அதனுள் மோட்டார் வண்டிகளை அனுமதித்தது 1915-இல். நம் மலாயாவிலோ, தியோடர் ஹப்பாக் என்பவர் ஆண்டுக்கணக்காக வாதாடியதன் பயனாகப் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று நாடுகளும் 1938, 1939-ஆம் ஆண்டுகளில் சட்டமியற்றி, 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஒதுக்கி வைத்தன. விடுதலைக்குப் பின் அஃது 'தாமான் நெகாரா' எனப் பெயர் பெற்றது. லேடாங் அத்துணைப் பெரியதன்று. அதன் உயரம் 1,276 மீட்டர். அதன் ஜொகூர்ச் சரிவு இன்று அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுள் ஒன்று. மலாக்காச் சரிவு ஆசாகானை நோக்கி இறங்குகின்றது. மலையின் உள்ளே நம் மோட்டார் போகவில்லை. அடிவாரத்தைச் சுற்றித்தான் போயிற்று. அந்தச் சுற்றுப் பாதையே நம் கட்டுரையின் பொருள்.

ஜாசின் வழி

நம்முடன் வந்தவர் ஒரு முதியவர். எண்பதைக் கடந்தவர். நம் தோட்டத்தில் நெடுங்காலம் மண்டோராயிருந்து ஓய்வு பெற்றவர். "மலையைக் கிட்டத்திலே பார்த்ததில்லீங்க, கிராணி ஐயா; கண்ணு தெரியறப்பவே பார்த்துடணும்" என்று அவரே கேட்டு ஏறிக்கொண்டார்.

பெம்பானிலிருந்து ஜாசின் சிறிது தூரமே. இருபுறமும் இன்று செம்பனை. இடையிடையே புதிய வீட்டுக் குடியிருப்புகள். நம் பாட்டன்மார் காலத்தில் இவ்விடமெல்லாம் பால் மரம். அதற்கும் முன்னே மரவள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன முதலாளிகள் மலாக்காவின் காடுகளை அழித்து மரவள்ளி நட்டனர். சில அறுவடைகளில் மண் சத்தற்றுப் போனதும், அதைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குப் போயினர். அந்நாளில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு பயிர் முதலாளிகளிடம் அலைந்தார். அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று நகைத்தனர். அவர் சொல்லைக் கேட்டவர் மலாக்காச் சீனரான டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் போட்டதுதான் மலாயாவில் வாணிக முறையில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம். பின்னர் அவரும் கூட்டாளிகளும் ஆசாகானில் பெருந்தோட்டம் ஒன்றையும் போட்டனர்.

புத்தகங்களில் இத்துணையும் உண்டு. விதை கொடுத்தவர் பெயர் உண்டு. நிலம் கொண்டவர் பெயர் உண்டு. காட்டை வெட்டியவர், குழி தோண்டியவர், மரம் சீவியவர், பால் சுமந்தவர் ஆகியோர் தமிழராயினும் சீனராயினும் ஜாவானியராயினும், அவர்கள் யாவருக்கும் அப்புத்தகங்களில் ஒரே பெயர்தான்: 'கூலிகள்'.

நம்மவர் வந்த வரலாறு நாமறிந்ததே. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. ஊருக்கு வந்த கங்காணியின் சட்டையையும் கடிகாரத்தையும் கண்டு, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தவர்கள் பலர். உதவித்தொகையில் கூலிகளை அனுப்புவதை 1938-இல் இந்திய சர்க்கார் தடுக்கும் வரையில் இவ்வோட்டம் நிற்கவில்லை. வந்தவர் எல்லோரும் பால் மரத்தடியிலேயே நின்றுவிட்டனரா? இல்லை. மலாயாவின் சாலைகளையும் இரயில் பாதைகளையும் போட்ட கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. பொதுமராமத்து இலாகாவின் வேலைக் கூட்டங்களிலே அவர்கள் சரளை அள்ளினர். சம்மட்டியால் கருங்கல்லை உடைத்தனர். கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டினர். காய்ந்த தாரை ஊற்றினர். ஏட்டில் 'சாலை' என்றெழுதும் நாம் வீட்டில் 'சடக்கு' என்றுதான் சொல்கின்றோம். இந்துஸ்தானியின் 'சடக்' வேலைத்தலத்திலே நம்மோடு ஒட்டிக்கொண்ட சொல் அது. ஒரு சாதியாரின் நாவில் ஒரு சொல் இப்படி ஒட்டிக்கொள்ள, அந்த வேலை எத்துணைக் காலம் அவர்கள் முதுகில் ஏறியிருக்க வேண்டும்!

ஒரு மதகு

ஜாசினை விட்டுச் சின் சின் கடந்து சிம்பாங் பெக்கோவை நோக்கிச் செல்கையில், மலை திடீரென்று பெரிதாயிற்று. நீலம் பச்சையாக மாறியது. சரிவுகளின் மடிப்புகளும், அவற்றில் தங்கிய வெண்முகிலும் கண்ணுக்குப் புலப்பட்டன. நாம் அக்காட்சியில் மயங்கியிருக்கும்போது முதியவர், "கிராணி ஐயா, கொஞ்சம் வண்டியை நிறுத்துங்க" என்றார்.

மலையைப் பார்க்கத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று எண்ணினோம். அவர் மலையைப் பார்க்கவில்லை. கைத்தடியை ஊன்றி இறங்கி, சாலைக்கு அடியில் ஓடை கடக்கும் ஒரு பழைய மதகின் பக்கம் நடந்தார். பாசி படர்ந்த கருங்கற் சுவர். முழங்கால் உயரத்துக்கு மேலில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார்.

"பெரியவரே, என்ன சங்கதி?" என்றோம்.

"எங்கப்பா இந்த மதகுக்குக் கல்லு சுமந்தாராம். எங்காத்தா சொல்லும். இந்தப் பக்கமா மாட்டு வண்டியிலே வர்றப்பல்லாம் காட்டும். சப்பான்காரன் காலத்திலே அவரைச் சயாமுக்குக் கொண்டு போயிட்டாங்க. எனக்கு ரெண்டு வயசு. திரும்பி வரலே. அவருக்குச் சமாதி கிடையாது, போட்டோவும் கிடையாது. இதுதான் இருக்கு."

சயாம் மரண இரயில் பாதையைப் பற்றி நேயர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் பிளந்து பர்மா வரையில் அது போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். பேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அப்பாதைக்கு இரும்பும் இங்கிருந்தே போயிற்று. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905-இல் திறந்த கிளைப் பாதையின் தண்டவாளங்களைச் சப்பானியர் பெயர்த்துச் சென்றனர். அக்கிளைப் பாதை பின்னர் மீண்டும் போடப்படவில்லை. மலாக்காவிலிருந்து இரும்பும் போயிற்று, மனிதரும் போயினர். இரும்பு போனதைச் சரித்திர நூல்கள் எழுதியிருக்கின்றன. மனிதருடைய பெயர்களோ?

வண்டியிலேறும்போது முதியவர் ஒன்று கேட்டார்: "நம்ம ஆபீசுப் பழைய செக்ரோல்லே அவரு பேரு இருக்குங்களா?" நாம் உடனே விடை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னால் சொல்வோம்.

வாலேஸ் கண்ட மலை

ஆங்கிலப் பள்ளியில் படித்த நாம் லேடாங்கை முதன்முதலில் அறிந்தது ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் என்னும் அறிஞரின் நூல் வழியாகத்தான். உயிர்கள் மாறி வளர்ந்த முறையை டார்வினைப் போலவே தாமும் தனித்துக் கண்டறிந்த அவ்வறிஞர், 1854-இல் மலாக்காவுக்கு வந்தார். நம் ஜாசின் வட்டாரத்து ஆயர் பானாசில் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். பிறகு ஆறு மலாய்க்காரரைச் சுமையாட்களாகவும் வழிகாட்டிகளாகவும் அமர்த்திக்கொண்டு, ஐரோப்பியர் 'ஓபிர் மலை' என்றழைத்த இம்மலைக்குப் புறப்பட்டார். விவிலியத்தில் சாலமோன் மன்னனுக்குப் பொன் வந்த நாட்டின் பெயர் ஓபிர். பொன்னைத் தேடிக் கடல் கடந்தவர்கள் ஒரு பச்சை மலைக்கும் அப்பெயரையே இட்டனர்.

அந்நாளில் சடக்கு ஏது? நாம் இன்று ஒரு காலைப் பொழுதில் கடக்கும் தூரத்தை அவர் நாட்கணக்கில் நடந்தார். முழங்காலளவு சேறு. வழியின் இருபுறத்து இலைகளிலும் அட்டைகள். அவற்றுள் ஒன்று தம் கழுத்தில் வயிறு நிறைய இரத்தம் குடித்ததையும், நல்வினையாகப் பெருநரம்பைத் தவறவிட்டதையும் அவர் எழுதியிருக்கின்றார். மலையடியில் ஓர் ஓடையோரம் சிறு குடிலில் ஒரு வாரம் தங்கினார். யானையும் காண்டாமிருகமும் உலவிய காடு அது. இன்றோ, மலேசியா முழுவதிலுமே சுமத்திராக் காண்டாமிருகம் இல்லை. கடைசியாக எஞ்சிய ஒன்றும் 2019-இல் சபாவில் இறந்தது.

மலையேறுகையில் வாலேஸ் கண்ட அற்புதங்கள் இரண்டை மட்டும் சொல்வோம். ஒன்று மத்தோனியா என்னும் பெரணி. ஆளுயரத்துக்கு மெல்லிய தண்டு. அதன் நுனியில் விசிறி விரித்தாற்போன்ற இலை. இச்செடியின் குடும்பம், மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் திரிந்த காலத்தில் ஐரோப்பா வரையிலும் பரவியிருந்தது. கற்களில் பதிந்த அதன் அச்சுகள் அங்கெல்லாம் கிடைக்கின்றன. உயிருள்ள செடியோ இன்று நம் தென்கிழக்காசியப் பகுதியில் மட்டுமே எஞ்சியிருக்கின்றது. அரசுகள் எத்தனை எழுந்து வீழ்ந்தன! ஓர் எளிய பெரணியின் குலம் ஒரு மலையின் குளிரில் ஒதுங்கி நின்று அத்தனையையும் கடந்து வந்திருக்கின்றது.

மற்றொன்று குடுவைச் செடி. இலையின் நுனி நீண்டு குடுவையாகி, வந்து விழும் பூச்சியைத் தின்னும். 'பாடாங் பத்து' என்னும் கற்பாறைத் தளத்தில் வாலேசின் கூட்டத்தாருக்குத் தாகம் மிகுந்தது. தேடிய இடத்தில் தண்ணீர் இல்லை. கடைசியில் அக்குடுவைகளில் நின்ற நீரையே குடித்தனர். பூச்சிகள் மிதந்தாலும், சிறிது வெதுவெதுப்பாயிருந்தாலும், நீர் சுவையாகவே இருந்தது என்கின்றார் அவர்.

அறிவும் அடக்கமும் மிக்க அப்பெரியார் எழுதியதை நாம் பள்ளி நாட்களில் பலமுறை படித்தோம். படித்ததன் விளைவு என்ன? லேடாங் என்றால் வாலேசின் மலையென்று எண்ணிவிட்டோம். நம் ஊர் மலையை ஒரு வெளிநாட்டார் கண்ணாலே பார்க்கக் கற்றோம். நம்மோடு மோட்டாரில் வரும் முதியவர் அதே வழியில் எதைக் காண்பார் என்று எண்ணிப் பார்க்கக் கற்கவில்லை. இது வாலேசின் குற்றமன்று, நம் குற்றம்.

அருவிகள்

ஆசாகானில் மலையின் நீர் பாறைகளின்மீது குதித்து இறங்குகின்றது. காலை வைத்தால் எலும்பு வரை குளிரும். முதியவர் இரு கையாலும் அள்ளி முகத்தில் அறைந்துகொண்டு குழந்தைபோற் சிரித்தார். அங்கிருந்து தெற்கே ஜொகூர் எல்லையைக் கடந்தால், துணிக் கடைகளுக்குப் பெயர் போன தங்காக். தங்காக்கிலிருந்து சிகாமட்டுக்குப் போகும் சாலை மலையின் மறுபக்கத்தை அணைத்தவாறு செல்கின்றது. அதில் சாகில் என்னுமிடத்தில் தேசியப் பூங்காவின் வாயில். அங்கே அருவி படிப்படியாக இறங்கி வருகின்றது. ஒவ்வொரு படியிலும் குளிக்கத்தக்க குளம். சிகரத்துக்கு ஏற விரும்புவோர் முன்னரே அனுமதி பெறவேண்டும். நம்மைப்போல் முதியவரோடும் குழந்தைகளோடும் வருவோர்க்கு அருவி வரையில் நடந்தாலே போதும்.

சொல்ல வெட்கமாயிருப்பதும் ஒன்றுண்டு. பாறைகளின்மீது சாயத்தால் எழுதிய பெயர்களிலும், நீரோரம் கிடந்த பிளாஸ்டிக் பைகளிலும் தமிழெழுத்துகளைக் கண்டோம். பெயர் பொறிக்க வேண்டியவர்களின் பெயர்கள் எங்குமில்லை. ஒரு நாட்பொழுது குளித்துப் போனவர்களின் பெயர்கள் பாறையிலே நிற்கின்றன!

இளவரசியின் கணக்கு

இம்மலையைப் பற்றி மலாய் மக்கள் வழங்கும் கதை உலகறிந்தது. 'செஜாரா மெலாயு'விலும் அது வருகின்றது. 1511-இல் போர்த்துக்கேயரிடம் மலாக்காவை இழந்த சுல்தான் மஹ்மூத், அதற்கு முன்னே லேடாங் மலை இளவரசியை மணக்க விரும்பித் தூது விடுத்தான். அவள் கேட்ட சீர் இது: மலாக்காவிலிருந்து மலை வரையில் பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், கொசுவின் இதயம் ஏழு தட்டு, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரின் இதயம் ஏழு தட்டு, கண்ணீர் ஒரு தாழி, இளம் பாக்கின் சாறு ஒரு தாழி, அரசன் இரத்தம் ஒரு கிண்ணம், அவன் மகன் இரத்தம் ஒரு கிண்ணம். மற்றவையெல்லாம் கொடுத்துவிடலாம், இரத்தம் மட்டும் கொடுக்க மனம் வரவில்லை என்று அரசன் பின்வாங்கினான்.

கதையைக் கதையாகவே மதிப்போம். மன்னனின் பேராசைக்கு ஒரு பெண் நயமாக 'மாட்டேன்' என்று சொன்ன அழகு அதில் உண்டு. ஆயினும், கணக்கெழுதுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, அப்பட்டியலைப் படிக்குந்தோறும் வேறொரு பேரேடு கண்முன் விரிகின்றது.

மலாக்காவிலிருந்து லேடாங் வரையில் பாலம் கேட்டாளே, அந்தப் பாலம் இன்று இருக்கின்றது. நாம் மோட்டாரில் வந்த சடக்குதான் அது. அரசர் எவரும் அதைப் பொன்னால் போடவில்லை. சம்பளத்துக்கு வந்தவர்கள் மண்ணாலும் கல்லாலும் போட்டனர். பொன்னும் வெள்ளியும் ரப்பராக அதன்மேல் ஏறித் துறைமுகத்துக்குப் போயின. பாலம் மட்டும் மண்.

கொசுவின் இதயம் கேட்டாளே, அக்கணக்கும் தீர்ந்தது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897-இல் சிக்கந்தராபாத்தில் கண்டார். 1901-இல் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலை அடக்கத் தொடங்கினார். மலையோரத் தோட்டங்களிலோ சங்கதி வேறு. மரங்களை வெட்டி வெயில் விழும்படி செய்த ஓடைகளிலேதான் அங்கே கொசு பெருகிற்று. காட்டைத் திறக்க வந்தவன் தன் சாவுக்கும் தானே கதவைத் திறந்தான். ஊரிலிருந்து கொண்டு வந்த பிள்ளையை லயத்துக்குப் பின்னால் புதைத்துவிட்டு, மறுநாள் பெரட்டுக்கு நின்ற தாய்மார் எத்தனை பேர்! ஒரு தாழிக் கண்ணீருக்கு இளவரசி இவ்வளவு வருந்திக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

இரத்தமோ? தன் மகன் இரத்தம் ஒரு கிண்ணம் கொடுக்க அரசனுக்கு மனம் வரவில்லை. நம்மவரிடம் மனம் வருகின்றதா என்று எவரும் கேட்டதேயில்லை.

பெயர் எழுதப்பட்ட இடம்

"பழைய கூலிக் கதைகளைக் கிளறி என்ன பயன்?" என்று கேட்கும் அன்பர்கள் உளர். அவர்கள் பொருட்டு அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் நிகழ்ந்ததைச் சொல்வோம். உலகெங்கிலுமிருந்து ஜனங்கள் மோட்டாரில் சென்று காணும் மலைநாடு அது. அங்கே மலைத்தொடரைக் கடந்து செல்லும் தியோகா சாலையின் மூலப் பாதையை 1882, 1883-ஆம் ஆண்டுகளில் பெரும்பாலும் சீனத் தொழிலாளரே போட்டனர். 56 மைல் பாதை 130 நாட்களில் முடிந்தது. வாவோனா என்னுமிடத்துக்கு வரும் பாதையும் சீனர் உழைப்பே. நூறாண்டுகளுக்கு மேலாகப் பிரயாணிகள் அச்சாலைகளில் ஓடினர். போட்டவர் யாரென்று கேட்பார் இல்லை. சீன வழித்தோன்றல்களும் பூங்கா ஊழியர் சிலரும் விடாது தேடினர். 2021-இல் வாவோனாவிலிருந்த பழைய சீனர் சலவைக் கூடத்தைப் பூங்கா அதிகாரிகள் பழுது பார்த்து, சாலை போட்ட சீனரின் சரித்திரத்தைக் காட்டும் இடமாகத் திறந்தனர். இன்று அங்கே போகும் குழந்தை மலையையும் அறிகின்றது. மலைக்கு வழி செய்தவரையும் அறிகின்றது. அதனால் மலையின் அழகு ஒரு குன்றிமணியும் குறைந்துவிடவில்லை.

லேடாங்கின் அடிவாரத்தில் இத்தகைய பலகை ஒன்று நிற்கலாகாதா? இளவரசியின் கதை அதில் இருக்கட்டும். வாலேசும் அவரைச் சுமையேற்றி அழைத்துச் சென்ற ஆறு மலாய்க்காரரும் இருக்கட்டும். பெரணியும் குடுவைச் செடியும் இருக்கட்டும். சடக்குப் போட்ட தமிழரும், சீனரும், ஜாவானியரும் இருக்கட்டும். இது பிறர்மீது குறை கூறுவதன்று. இந்நாட்டின் அழகில் நமக்கும் உழைப்புப் பங்கு உண்டென்று அடக்கமாகச் சொல்வது.

எரிந்த ஏடுகள்

ஆனால் பலகையில் எழுதப் பெயர்கள் வேண்டுமே! இங்கேதான் முதியவருக்கு நாம் சொல்லத் தயங்கிய விடையைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேலை பார்க்கும் தோட்டத்தின் ஆபீசு புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய பேரேடுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. கரையான் அரித்தவை போக மிஞ்சியவற்றில் யுத்தத்துக்கு முந்திய செக்ரோல்கள் சிலவும் இருந்தன. ஒன்றைப் புரட்டிப் பார்த்தோம். முத்து முத்தான ஆங்கிலக் கையெழுத்து. ஒரே பக்கத்தில் நான்கு முனியாண்டி, மூன்று மாரியாயி. அவர்களைப் பிரித்தறிய எண்கள். வந்த நாளுக்கு ஒரு கோடு. வராத நாளுக்கு ஒரு சுழி. சில பெயர்களுக்கு நேரே மாதத்தின் நடுவில் கோடுகள் நின்றுவிடும்; பிறகு அந்தப் பெயரே வராது. ஏன் நின்றதென்று ஏடு சொல்லாது.

"வேண்டாதவற்றை எரித்துவிடு" என்பது உத்தரவு. எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு நம் கையிலேயே இருந்தது. நாம் வாய் திறக்கவில்லை. பத்துப் பக்கங்களைப் படமெடுக்கவும் தோன்றவில்லை. பெட்டிகளைத் தூக்கிப் பின்புறத்தில் வைத்தவர்களுள் நாமும் ஒருவர். மாலைக்குள் சாம்பலாயிற்று. வேற்றார் நம் சரித்திரத்தை எழுதவில்லையென்று மேடையிலே பேசுகின்றோம். எழுதப்பட்டிருந்ததை நம் கையாலேயே நெருப்பில் இட்டதை எந்த மேடையில் பேசுவது?

வீடு திரும்பும் வழியில் இதை முதியவரிடம் மறைக்காமற் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. மதகு கடந்து, சின் சின்னும் கடந்து, ஜாசின் விளக்குகள் தெரியும் வேளையில், "எரிஞ்சது காகிதந்தானே ஐயா. எனக்குப் பேரு தெரியும். நீங்க எழுதிக்கிடுங்க" என்றார். வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, பாக்கெட்டிலிருந்த சிறு நோட்டில் எழுதிக்கொண்டோம்: தகப்பனார் பெயர், தாயார் பெயர், ஊர், தோட்டம், மதகு இருக்குமிடம். ஐந்து வரிகள். அந்த ஐந்து வரிகளுக்காக ஒரு மனிதர் எண்பது ஆண்டுகள் காத்திருந்தார்.

நேயர்களே! தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் இடிகின்றன, மக்கள் பட்டணங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் விரைவோருக்கு லேடாங் சில நிமிஷக் காட்சி. இன்னும் பத்தாண்டு சென்றால், இம்மதகு எவர் சுமந்த கல்லென்று சொல்ல ஒருவரும் இரார். ஆகவே, நாம் கேட்டுக்கொள்வது பெரிதன்று. கிராணிமார்கள் தம் ஆபீசு அலமாரியில் மிஞ்சியிருக்கும் பழைய ஏடுகளைக் கரையானிடமிருந்தும் நெருப்பிலிருந்தும் காப்பார்களாக. நம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கொரு முறை மாணவர்களை லேடாங்கின் அடிவாரத்துக்கு அழைத்துச் செல்வார்களாக. செல்லும்போது ஒவ்வொரு வண்டியிலும் ஒரு முதியவரை ஏற்றிக்கொள்வார்களாக. மாணவர்கள் பாறையில் தம் பெயரை எழுதாமல், நோட்டில் அம்முதியவரின் பெற்றோர் பெயரை எழுதுவார்களாக.

அங்கே நமக்கென்ன வேலை என்று கேட்டவர்களுக்கு நாம் சொல்லும் விடை இவ்வளவே: நம் முன்னோர் அங்கே வேலை பார்த்தனர். அந்த வேலை எது, பார்த்தவர் யார் என்று எழுதி வைக்கும் வேலை நமக்கு மிச்சமிருக்கின்றது. நாளைக் காலையில் குழந்தை விரல் நீட்டி மலையைக் காட்டினால், அதற்குப் போகும் சடக்கையும் சேர்த்துக் காட்டுங்கள்.